சுக்குக் காப்பி

பழவேற்காட்டுக்கு நான் போனது டச்சுக்காரரின் கல்லறைகளைப் பார்க்க. கார்த்திகை மாதம். எலும்புக்கூடு செதுக்கிய வாசலைப் பார்த்து முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் ஒதுங்கியபோது மூக்கு அடைத்து, உடம்பு உதறியது. வீட்டுக்கார அம்மாள், வலை பின்னிக்கொண்டிருந்த மகனை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் என்னை உட்காரச் சொன்னாள். சுக்கைத் தட்டி, மிளகும் தனியாவும் பொடித்துப் போட்டு, பனைவெல்லத்தோடு கொதிக்கவிட்டாள்.

"காப்பி, நைனா. சூடாக் குடிச்சிடு. ஆறிப்போனா ஒண்ணுத்துக்கும் ஆவாது."

அதில் காப்பிக்கொட்டை ஒன்றுகூட இல்லை! பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில் இது வெறும் கஷாயந்தான். காப்பி நம் வீடுகளில் புகுந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் அதற்குப் பின்பும். நேற்று வந்தவன் பெயரை இருந்தவளுக்குச் சூட்டிவிட்டோம், கல்யாணம் ஆன மாதிரி. அந்தப் பெயர் நமக்கு ஆங்கிலத்திலிருந்து வந்தது. ஆங்கிலேயன் கற்றுக்கொண்டதோ டச்சுக்காரனின் 'கோஃபி'யை என்கிறார்கள் அகராதிக்காரர்கள்.

அந்த டச்சுக்காரர் இங்கே மிளகுக்காக வந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். 1613-ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது துணிக்காக. இந்தக் கரைத் துணியைக் கிழக்குத் தீவுகளில் கொடுத்துக் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். ஜாதிக்காய்க்காக 1621-ல் பந்தா தீவுகளில் நடத்திய படுகொலை கொஞ்சமல்ல. 1825-ல் பழவேற்காட்டை ஆங்கிலேயரிடம் விட்டுவிட்டுப் போனார்கள். கோட்டை மண்மேடாகிவிட்டது. 'கோஃபி' மட்டும் இந்த அம்மாள் வாயில் இருக்கிறது.

இதைச் சர்வரோக நிவாரணி என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. 1918-ல் இன்ஃப்ளுயன்ஸா இந்தியாவில் ஒரு கோடிப் பேருக்கு மேல் கொண்டுபோயிற்று. அப்போதும் அஞ்சறைப் பெட்டியில் மிளகு இருக்கத்தான் இருந்தது. ஆனால் சூட்டைப் பற்றி அம்மாள் சொன்னது வாஸ்தவம். கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் சளி பிடித்த 30 பேரில் சிலருக்குப் பழச்சாற்றுப் பானத்தைச் சூடாகவும், சிலருக்கு அதையே ஆறியதாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். 2008-ல் முடிவு வெளியாயிற்று. மூக்கில் காற்றோட்டம் யாருக்கும் மாறவில்லை. ஆனால் தொண்டை வலியும் குளிரும் அசதியும் சூடாகக் குடித்தவர்களுக்கே தணிந்தன.

எனக்கும் மூக்கு திறக்கவில்லை, உதறல் நின்றது. அம்மாள் டம்ளரை வாங்கிக்கொண்டு, மகனைப் பழைய இடத்துக்கு வரச் சொன்னாள். விடிவதற்குள் வலை முடிய வேண்டுமாம்.