பெருவிரல் பிரிந்த சப்பாத்து

நிஞ்சா படங்களில் நீங்கள் கண்டிருப்பீர்கள்: பெருவிரல் தனியாகவும் மற்ற நான்கு விரல்களும் சேர்ந்தும் இருக்கும் காலுறை. அதன் பெயர் தபி. ஜப்பானியரின் மரச் செருப்புக்கும் வைக்கோல் செருப்புக்கும் பெருவிரலுக்குப் பக்கத்தில் வார் வரும், எங்கள் பாட்டா செருப்பைப் போல. சாதாரணக் காலுறையோடு அதைப் போட்டுப் பாருங்கள், ஏன் பிரித்தார்கள் என்று உடனே விளங்கும். முன்பு தோலில் தைத்தார்கள், பிறகு பருத்தித் துணிக்கு மாறினார்கள். இன்றும் கிமோனோவோடு வெள்ளைத் தபிதான் போடுவார்கள்.

எனக்குப் பிடித்தது அந்த அழகான வெள்ளைத் தபி இல்லை, சுரங்கத்துக்குள் போன அழுக்குத் தபி.

நூறு வருடங்களுக்கு முன்பு ஜப்பானியத் தொழிலாளர் பலர் வைக்கோல் செருப்போடுதான் வேலை செய்தார்கள். அது சீக்கிரம் தேய்ந்துவிடும். ஆணி குத்தினால் காலைக் காப்பாற்றாது. தபியின் அடியில் றப்பரைத் தைத்துப் பார்த்தார்கள், நடக்க நடக்க நூல் அறுந்தது. (நான் பொறியியல் படித்தவன். இரண்டு பொருள்கள் சேரும் இடம்தான் எப்போதும் தலைவலி.) குருமே நகரில் தபி செய்யும் குடும்பத் தொழிலை நடத்திய இஷிபாஷி சகோதரர்கள், தைக்காமல் றப்பரைத் துணியோடு ஒட்டினார்கள். 1923இல் அது விற்பனைக்கு வந்தது. பெயர் ஜிகா-தபி, அதாவது நேரடியாகத் தரையில் படும் தபி.

சுரங்கத்திலும் வயலிலும் அது பரவியது. பெருவிரல் தனியாக இருப்பதால் காலாலும் பிடித்துக்கொள்ளலாம். கட்டடச் சாரத்தில் ஏறுபவர்கள் இன்றும் அதைப் போடுகிறார்கள். 1951 பொஸ்டன் மரதனை வென்ற தனகா ஷிகெகி என்ற இளைஞர் ஓடியதும் விரல் பிரிந்த சப்பாத்தில்தான்.

சகோதரர்களில் இளையவரான ஷோஜிரோ, றப்பரில் பழகிய கையோடு டயர் செய்யத் தொடங்கி 1931இல் தனி நிறுவனம் அமைத்தார். இஷி என்றால் கல், பாஷி என்றால் பாலம். அதைத் திருப்பிப் போட்டு ஆங்கிலத்தில் வைத்த பெயர்தான் பிரிட்ஜ்ஸ்டோன். உங்கள் வீட்டுக் காரின் டயரை ஒருதடவை பாருங்கள், அந்தப் பெயர் இருக்கலாம்.

ஆனால் ஜப்பானில் றப்பர் தோட்டங்கள் கிடையாது. 1920களில் உலக றப்பரில் ஏறத்தாழ பாதி பிரிட்டிஷ் மலாயாவிலிருந்து வந்தது, ஜப்பானும் அங்கிருந்து வாங்கியது. அந்தத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களில் பெரும்பகுதி தமிழகத்திலிருந்து கப்பலேறிப் போன எங்கள் ஆட்கள். அவர்களில் பலர் வெறுங்காலோடு வேலை செய்தார்கள். கொக்கிப்புழு கால்தோல் வழியாகத்தான் உடம்புக்குள் போகும், அது அங்கே பெரிய நோயாக இருந்தது. சுரங்கத் தொழிலாளியின் காலைக் காப்பாற்றிய றப்பரை எடுத்தவர்களின் காலுக்கு ஒன்றும் இல்லை. இதை எந்தச் சப்பாத்து வரலாற்றிலும் நான் வாசித்ததில்லை.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. சிப்பாய்களில் பலர் போட்டிருந்தது ஜிகா-தபி. பிறகு அதே தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை சயாம்–பர்மா ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். பெருந்தொகையானோர் திரும்பி வரவில்லை.