மீனை எண்ணிய மின்சாரம்

ஊர்ச் சண்டை என்றால் கதை எழுதுகிறவனுக்கு நாக்கில் நீர் ஊறும். நானும் விலக்கல்ல. ஆனால், சண்டைக்கு நடுவே கணக்கு வந்து புகுந்த கதை அபூர்வம். அமெரிக்காவின் வடபுறத்தில், ஏரிகள் மலிந்த விஸ்கான்ஸின் மாகாணத்தில் அப்படி ஒன்று நடந்தது.

அங்கே பூர்வகுடிகளான ஒஜிப்வே ஜனங்கள், 1837-லும் 1842-லும் செய்த உடன்படிக்கைகளில் நிலத்தைக் கொடுத்தார்கள். வேட்டையாடவும் மீன் பிடிக்கவுமான உரிமையைக் கொடுக்கவில்லை. வசந்த காலத்தில் கரையோரம் முட்டையிட வரும் 'வால்ஐ' மீனை, இரவில் பந்தம் ஏற்றி ஈட்டியால் குத்துவது அவர்கள் வழக்கம். அதைப் பார்த்த பிரெஞ்சுக்காரர்கள் ஓர் ஏரிக்குப் 'பந்த ஏரி' என்றே பெயர் வைத்தார்கள். நாளடைவில் மாகாண சர்க்கார் அந்த உரிமையை மறந்து, ஈட்டியோடு வந்தவர்களைக் கைது செய்தது. 1983-இல் அப்பீல் கோர்ட்டு உடன்படிக்கையை நினைவூட்டியது.

பிடித்தது சனி! படகுத் துறைகளில் கூட்டம் கூடிற்று. வசை பொழிந்தது, கற்கள் பறந்தன. "ஏரி காலியாகிவிடும், அப்புறம் எவன் தூண்டிலோடு இங்கே வருவான்?" என்பது புகார்.

ஏரியில் மீன் எத்தனை? 1990-இல் மத்திய சர்க்காரும் மாகாணமும் ஒஜிப்வேக்களும் சேர்ந்து ஆராயத் தொடங்கினார்கள். முதலில் வலையில் அகப்பட்ட மீன்களின் துடுப்பில் சிறிது கத்தரித்து அடையாளமிட்டு விட்டுவிடுவார்கள். பிறகு இராத்திரியில் மின்சாரப் படகு புறப்படும். அதில் ஒரு ஜெனரேட்டர். முன்புறம் நீட்டிய கழிகளிலிருந்து கம்பிகள் நீரில் தொங்கும். மின்சாரம் பாய்ந்ததும் அருகிலுள்ள மீன்கள் மயங்கித் திரும்பும். கைவலையால் அள்ளித் தொட்டியில் போட்டு, பார்த்து, தெளிந்ததும் ஏரியில் விடுவார்கள். நூறு மீனுக்கு அடையாளமிட்டு, மறுமுறை பிடித்த ஐம்பதில் ஐந்துக்கு அடையாளம் இருந்தால், ஏரியில் சுமார் ஆயிரம் மீன். பள்ளிக்கூடப் பையன் போடும் கணக்குத்தான்!

1991-இல் அறிக்கை வந்தது. ஈட்டி மீன்வளத்தைக் கெடுக்கவில்லை என்றது. எண்ணிக்கை மட்டும் பகையை ஆற்றிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அதே ஆண்டு, தொந்தரவு செய்தவர்களைக் கோர்ட்டு தடை உத்தரவு போட்டு அடக்க வேண்டியிருந்தது. ஆனாலும், பொய்க்கு நிற்க இடமில்லாமல் செய்தது கணக்கு.

இன்றும் மாகாணத்தின் படகுகள் போகின்றன. ஒஜிப்வேக்களின் படகுகளும் போகின்றன. வால்ஐயின் கண் வெளிச்சம் பட்டால் பளபளக்கும். பந்தத்துக்கும் அது தெரிந்தது. எண்ணுகிறவன் விளக்குக்கும் தெரிகிறது. கல்லெறிந்த கூட்டத்துக்கு மட்டும், பாவம், மீன் தெரியவில்லை. பக்கத்து மனிதனின் தோல்தான் தெரிந்தது.