பேர் எழுதாத படம்

சொந்தமா வெப்சைட் வச்சிருக்கிற போட்டோகிராஃபர்கள் எல்லாரும் கேக்கிற கேள்வி ஒண்ணு உண்டு. "படம் நல்லாத்தான் இருக்கு, ஆனா கூகிள்ல தேடினா வரமாட்டேங்குதே, என்ன பண்றது?" டவுன்ல இருக்கிற உங்களுக்கு இது கம்ப்யூட்டர் காலத்துக் கேள்வியாத் தெரியும். எனக்கு அப்படித் தெரியலை. இதுக்கான பதில் கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடியே, அதுவும் விவசாயிகள் படத்தை வச்சுத்தான் கிடைச்சிருக்கு. அந்தக் கதையைச் சொல்றேன்.

1930-கள்ல அமெரிக்காவில் விவசாயம் படுத்துப்போச்சு. வெள்ளாமைக்கு விலை இல்லை. நடுப்பக்கத்து மாநிலங்கள்ல மழையும் இல்லை, மேல்மண்ணு புழுதியாப் பறந்துச்சு. குடும்பம் குடும்பமா பழைய காருல சாமானை ஏத்திக்கிட்டு கலிஃபோர்னியாவுக்கு கூலி வேலைக்குப் போனாங்க. அந்த அரசாங்கம் இதையெல்லாம் படம் எடுத்து வைக்க ஒரு பிரிவு வச்சது. 1935-ல ஆரம்பிச்சது, 1937-ல இருந்து பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம்னு பேர். ராய் ஸ்ட்ரைக்கர்ங்கிறவர் அதுக்குத் தலைமை. டோரத்தியா லாங், வாக்கர் எவன்ஸ் மாதிரி ஆட்களை ஊர் ஊரா அனுப்பினார்.

கடைசியில சேர்ந்த கருப்பு வெள்ளை நெகட்டிவ் மட்டும் சுமார் 1,75,000. இத்தனையும் இப்போ வாஷிங்டன்ல காங்கிரஸ் நூலகத்துல இருக்கு. யோசிச்சுப் பாருங்க, அதுல ஒரு பருத்திக்காட்டுப் படம் வேணும்னா எப்படி எடுப்பீங்க? விதைக்கோட்டை மாதிரிதான். வைக்கோல் பிரி சுத்தி சாணி மெழுகி அடுக்கிட்டா எல்லாக் கோட்டையும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். எதுல எந்த நெல்லுன்னு கட்டினவனுக்குத்தான் தெரியும், அவனும் மறந்துட்டா போச்சு.

அதனாலதான் ஸ்ட்ரைக்கர் தன் ஆட்களைக் குறிப்பு எழுதச் சொன்னார். எந்த ஊரு, எந்த மாசம், படத்துல என்ன நடக்குதுன்னு எழுதணும். லாங் அம்மா இன்னும் ஒரு படி மேல, அந்த ஜனங்க பேசினதையே நோட்டுல எழுதி வச்சுப்பாங்க. 1942-க்கு அப்புறம் பால் வாண்டர்பில்ட்னு ஒருத்தர் வந்து மொத்தத்தையும் முதல்ல வட்டாரவாரியா, அதுக்குள்ள வீடு, வேலை, போக்குவரத்துன்னு பொருள்வாரியா அடுக்கினார். என்னைக் கேட்டா, படம் எடுத்தவங்களுக்குச் சமமா இந்த மனுஷனையும் பேசணும். யாரும் பேசுறதில்லை.

குறிப்பு எழுதாம விட்ட நெகட்டிவும் ஏராளமா இருந்தது. பின்னால நூலகம் எல்லாத்தையும் இணையத்துல ஏத்தினப்போ, தலைப்பு இல்லாத படத்துக்கு என்ன பண்றதுன்னு யோசிச்சு, பக்கத்து நெகட்டிவோட குறிப்பைக் கடன் வாங்கிப் போட்டாங்க. "தலைப்பில்லாத படம், இதோட சம்பந்தப்பட்டதா இருக்கலாம்" அப்படின்னு. இன்னிக்கும் அந்தப் பட்டியல்ல தேடினா இந்த மாதிரி வரிசையா வரும். சொந்தப் பேர் இல்லாம பக்கத்து வீட்டு விலாசத்துல குடியிருக்கிற படங்கள்.

அதுல ரொம்பப் பேர் வாங்கின படத்துக்கே இந்தக் குறை உண்டு. 1936-ல நிப்போமோங்கிற ஊர்ல, பட்டாணி பறிக்க வந்தவங்க முகாம்ல, கூடாரத்துல கிடந்த ஒரு தாயை லாங் படம் எடுத்தாங்க. பிள்ளைங்க ரெண்டு தோள்லயும் முகத்தைப் புதைச்சு நிக்கும். உலகம் பூரா பார்த்த படம். ஊரு எழுதினாங்க, வயசு 32-ன்னு எழுதினாங்க, ஏழு பிள்ளைக்குத் தாய்னு எழுதினாங்க. பேர் எழுதலை. பேர் கேக்கவே இல்லைன்னு லாங்கே பின்னால சொல்லியிருக்காங்க. அந்த அம்மா ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன்னு வெளியில தெரிஞ்சது 1978-ல. நாப்பத்திரண்டு வருஷம்.

இனி இணையத்துக்கு வருவோம். 1993-ல மார்க் ஆண்ட்ரீசன்ங்கிறவர்தான் வெப் பக்கத்துல படம் வைக்க 'இமேஜ்' குறி வேணும்னு யோசனை சொன்னார். படம் தெரியாத திரைக்கு அதுக்குப் பதிலா நாலு வார்த்தை எழுதுற வசதியும் கூட வந்தது, 'ஆல்ட்'னு சொல்வாங்க. கண் தெரியாதவங்களுக்குப் படிச்சுக் காட்டுற கருவியும் அதைத்தான் வாசிக்குது. கூகிளும் அதைத்தான் வாசிக்குது. குருடனுக்கு எழுதினது கூகிளுக்கும் உதவுச்சு, ஏன்னா படத்தைப் பொறுத்தவரைக்கும் அப்போ கூகிளும் குருடுதான்.

2000-த்துல ஒரு கிராமி விழாவுக்கு ஜெனிஃபர் லோபஸ் பச்சைக் கலர்ல ஒரு சட்டை போட்டு வந்தாங்க. ஊரே அந்தப் படத்தைத் தேடிச்சு. கூகிள்கிட்ட எழுத்துதான் இருக்கு, படம் இல்லை. 2001 ஜூலையில படத் தேடல் வந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்னு கூகிள் தலைவரே பின்னால எழுதினார். ஆரம்பத்துலயே 25 கோடிப் படம். ஆனா தேடினது படத்தை இல்லை, படத்தைச் சுத்தி இருந்த எழுத்தை. ஃபைல் பேரு, ஆல்ட், பக்கத்துத் தலைப்பு, கீழ இருக்கிற வரி.

அதே காலத்துல போட்டோகிராஃபர்கள் என்ன பண்ணாங்க தெரியுமா? 'ஃப்ளாஷ்'ல வெப்சைட் கட்டினாங்க. படம் மிதந்து வரும், பாட்டு கேக்கும். பார்க்க அழகு. தேடுபொறிக்கு உள்ள வாசிக்க ஒண்ணும் கிடைக்காது. 2007-ல வந்த ஐஃபோன்ல அது திறக்கவே இல்லை, 2020 கடைசியோட ஃப்ளாஷுக்கே மூடுவிழா. எத்தனை பேரோட உழைப்பு அதோட போச்சோ.

கூகிள் சும்மா இல்லை. லூயிஸ் வான் ஆன்னு ஒருத்தர் 2003 வாக்குல ஒரு விளையாட்டு கண்டுபிடிச்சார். முன்னப்பின்ன தெரியாத ரெண்டு பேருக்கு ஒரே படம் காட்டும், ரெண்டு பேரும் ஒரே வார்த்தையைத் தட்டினா பாயிண்ட். ஜனங்க விளையாடிக்கிட்டே படத்துக்குப் பேர் எழுதிட்டாங்க, அதுவும் ஓசியில! 2006-ல கூகிளும் அதுக்கு உரிமம் வாங்கி நடத்திச்சு. ஆனா ரெண்டு அந்நியருக்கு ஒத்துவர்ற வார்த்தை எது? "மாடு", "மரம்", "ஆளு". அவ்வளவுதான் வரும்.

இப்போ மெஷினே படத்தைப் பார்த்து மாடுன்னு சொல்லிடுது. எங்க பக்கத்து உம்பளச்சேரிக் கன்னு பொறக்கிறப்போ செவலையா இருக்கும், ஆறேழு மாசத்துல சாம்பல் ஆயிடும். செவலைக் கன்னைப் பார்த்து இது இன்ன இனம், இன்னார் வீட்டுக் கொட்டகைன்னு சொல்றதுக்கு ஊர்க்காரன் வேணும்.

என் அக்கா பையன் மன்னார்குடியில கல்யாணப் படம் எடுக்கிறான். ஓய்வுல எங்க வயக்காட்டைச் சுத்தி எடுத்ததையும் வெப்சைட்ல போட்டிருக்கான். எல்லாம் கேமரா கொடுத்த நம்பரோட கிடந்தது. அதுலயும் முகப்புப் படங்களைப் பின்னணியா ஒட்டியிருந்தான். பின்னணியா ஒட்டின படத்தைக் கூகிள் பட்டியல்ல சேர்க்காதாம், இமேஜ் குறியில போட்டாத்தான் சேர்க்கும். அதை மாத்தினான். "மாமா, எழுதுறது மட்டும் நீங்க சொல்லுங்க"ன்னான்.

உக்காந்து எழுதினோம். "வயல் அழகு"ன்னு இருந்ததை "தாளடி நடவுக்கு உம்பளச்சேரி மாடு கட்டிச் சேறு கலக்குறது"ன்னு மாத்தி, ஊர், மாசம் எல்லாம் போட்டோம். ஃபைல் பேர் இங்கிலீஷ் எழுத்துல, வார்த்தைக்கு நடுவுல சின்னக் கோடு. படக்குறிப்பு தமிழ்ல. ஒரே வார்த்தையைப் பத்துத் தடவை திணிச்சா முன்னாடி வரும்னு யாரோ அவனுக்குச் சொல்லியிருக்காங்க. வேண்டாம்னுட்டேன், கூகிளும் அதைத் தப்புன்னுதான் சொல்லுது. படத்துக்குள்ளயே எடுத்தவர் பேரைப் பதியலாம், 2018-ல இருந்து கூகிள் அதைக் காட்டுது. அதையும் செஞ்சான்.

விதைக்கோட்டை கட்டுறவர் படம் ஒண்ணு இருக்கு. எங்க தெருவுல அந்த வேலை தெரிஞ்ச கடைசி ஆளு, போன தையில தவறிட்டார். அவன் "முதிய விவசாயி"ன்னு போட்டிருந்தான். அவர் மகன்கிட்ட கேட்டுட்டு, முழுப் பேரு, அப்பா பேரு, தெரு எல்லாம் எழுதினோம். இன்னும் அறுபது எழுபது படம் பாக்கி. நாலு படத்துல நாத்துப் பறிக்கிற பொம்பளைங்க யாருன்னு எனக்கே தெரியலை, பக்கத்து ஊர் ஆட்கள். வெள்ளிக்கிழமை அந்த ஊருக்குப் படத்தை எடுத்துட்டுப் போறோம்.