கழற்றி மாட்டிய கண்ணாடி மாளிகை

எந்த வர்த்தகக் கண்காட்சிக்குப் போனாலும் அதே அலுமினியக் கம்பம், அதே வெள்ளைத் தடுப்பு, மேலே கம்பெனி பேரு. மூணு நாள் கூத்து முடிஞ்சா எல்லாம் கழன்று லாரியில ஏறிடும். அடுத்த ஊர்ல வேற கம்பெனிக்கு வேற வடிவத்துல நிக்கும். இந்த மாடுலர் சமாச்சாரத்துக்குக் கொள்ளுத்தாத்தா யாருன்னு தேடினா, 1851-ல் லண்டன் ஹைட் பார்க்கில் நின்ன கிரிஸ்டல் பேலஸ்ல போய் முடியுது.

பல நாட்டுச் சரக்கையும் ஒரே கூரைக்குக் கீழே காட்டணும்னு பிரிட்டனில் முடிவு பண்ணி, கட்டடத்துக்குப் போட்டி வெச்சாங்க. 245 டிசைன் வந்துச்சு, ஒண்ணும் தேறலை. கடைசியில் கமிட்டியே ஒரு டிசைன் போட்டது. சுமார் ஒன்றரைக் கோடி செங்கல், நடுவில் புரூனலோட ராட்சதக் குவிமாடம்!

ஊரே கொதிச்சுது. பூங்காவில் இவ்வளவு செங்கல்லை ஏத்திட்டா அப்புறம் யார் இறக்குவாங்க? தற்காலிகம்னு சொல்லிட்டு நிரந்தரமா உட்கார்ந்துட்டா? பார்லிமெண்டில் கர்னல் சிப்தார்ப், மரத்தை வெட்டக் கூடாதுன்னு குதிச்சார். எதிர்ப்பைப் பார்த்தா கண்காட்சியே நடக்காதுங்கற நிலைமை.

அப்போதான் ஜோசப் பாக்ஸ்டன் வர்றார். டெவன்ஷயர் பிரபுவோட தலைமைத் தோட்டக்காரர், செடிகளுக்குக் கண்ணாடி வீடு கட்டிப் பழகினவர். 1850 ஜூனில் ஒரு மை ஒத்தும் தாளில் அவர் கிறுக்கின படம்தான் ஆரம்பம்.

அவர் கணக்கு ரொம்ப சிம்பிள். தூணுக்குத் தூண் 24 அடி. பெரிய இடைவெளி வேணும்னா அதோட மடங்கு: 48, 72. கூரைக் கண்ணாடி ஒவ்வொண்ணும் 49 அங்குல நீளம், 10 அங்குல அகலம். மொத்தம் கிட்டத்தட்ட மூணு லட்சம். எனக்கு ரொம்பப் பிடிச்சது தூண்தான். பாரம் கூடுற இடத்தில் உள்ளே இரும்போட கனம் கூடும், ஆனா வெளி அளவு மாறாது. அதனால எந்த உத்தரமும் எந்தத் தூணிலும் பொருந்தும். நம்ம ஆளுங்க பாஷையில் சொன்னா, இன்டர்ஃபேஸை மாத்தாம இம்ப்ளிமென்டேஷனை மட்டும் மாத்தறது :-) அதே தூண் மழைத்தண்ணியை இறக்குற குழாயாவும் வேலை செஞ்சுது. முதல் தூண் 1850 செப்டம்பரில் நின்னுது. 1851 மே 1-ம் தேதி திறப்பு விழா! சிப்தார்ப் கவலைப்பட்ட பெரிய எல்ம் மரங்கள், வளைவான கூரைக்குக் கீழே, கட்டடத்துக்கு உள்ளேயே பத்திரமா நின்னுச்சு.

இதைவிட முக்கியம் ஒப்பந்தம். ஃபாக்ஸ் ஹெண்டர்சன் கம்பெனி ரெண்டு விலை சொன்னது. கட்டடம் கமிட்டிக்கே சொந்தம்னா 1,50,000 பவுண்டு. கண்காட்சி முடிஞ்சதும் சாமானை நாங்களே எடுத்துக்கறோம்னா 79,800. கழற்ற முடியுங்கற ஒரே குணத்துக்குக் கிட்டத்தட்ட பாதி விலை தள்ளுபடி! கழற்றவும் செஞ்சாங்க. புதுத் துண்டுகளும் சேர்ந்து சிடன்ஹாமில் இன்னும் பெருசா எழும்பி 1854-ல் திறந்துது. 1936-ல் தீப்பிடிச்சு எரியற வரைக்கும் அங்கேதான் நின்னுது.

இதுக்கு நேர் எதிர் கதை நம்ம டெல்லியில் இருக்கு. ஏசியா 72 வர்த்தகக் கண்காட்சிக்காக பிரகதி மைதானில் ராஜ் ரேவலும் பொறியாளர் மகேந்திர ராஜும் கட்டின ஹால் ஆஃப் நேஷன்ஸ். ஒரே மாதிரி முக்கோணங்களா அடுக்கின அபாரமான கூடு. ஆனா எஃகு கட்டுப்படியாகாததால கான்கிரீட்டை அந்த இடத்திலேயே வார்த்தாங்க. பார்க்கத்தான் மாடுலர், கழற்ற முடியாது. புது மாநாட்டு வளாகத்துக்கு இடம் வேணும்னு வந்தப்போ, 2017 ஏப்ரலில் இடிச்சுட்டாங்க. சிடன்ஹாம் மாதிரி வேறெங்கயும் எடுத்துட்டுப் போய் நிறுத்த வழியே இல்லை.

அதனால ஸ்டால் அமைப்பு தேர்ந்தெடுக்கறவங்க கேட்லாக்ல எவ்வளவு அழகா இருக்குன்னு மட்டும் பார்க்காதீங்க. ஒரே துண்டு எத்தனை இடத்தில் பொருந்தும், எத்தனை பேர் எவ்வளவு நேரத்தில் கழற்றுவாங்க, கழற்றினது அடுத்து எங்கே போகும்னு கேளுங்க. விலையில் பாதியைத் தீர்மானிக்கறது அதுதான்னு 1850-லயே ஒரு கான்ட்ராக்டர் கணக்குப் போட்டுக் காட்டிட்டார்.