ஐம்பது வருஷத்து ரேஷன்

ஒரே கூடாரம், ஒரே மாவு மூட்டை. அம்மாவுக்கு எடை கூடுகிறது. பிள்ளை வளராமல் நிற்கிறது. எப்படின்னு கேட்டால், 1975க்குப் போகணும்.

அந்த வருஷக் கடைசியில் ஸ்பெயின் மேற்கு சஹாராவைக் கைகழுவத் தொடங்கியது. மொரோக்கோவும் மொரிட்டானியாவும் உள்ளே நுழைந்தன. தப்பியோடிய சஹ்ராவி மக்கள் அல்ஜீரியாவின் திந்தூஃப் அருகே, பயிர் விளையாத கற்பாலையில் கூடாரம் போட்டார்கள். முகாம்களுக்கு ஸ்மாரா, தக்லா, எல் அயூன் என்று விட்டுவந்த ஊர்களின் பெயர்களையே வைத்தார்கள். சீக்கிரம் திரும்பிடலாம்னு ஒரு நம்பிக்கை.

திரும்பவில்லை. ஒட்டகப் பாலும் இறைச்சியும் சாப்பிட்டுப் பழகிய மேய்ச்சல்காரர்கள் மாவு, அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை என்று வரிசையில் வாங்கினார்கள். அவசரகால ரேஷனுக்கு உலகம் வைத்திருக்கும் கணக்கு, ஆளுக்கு நாளைக்கு 2,100 கலோரி. சில மாதம் உயிரைப் பிடித்துவைக்கப் போட்ட கணக்கு அது. இங்கே தலைமுறைகளின் சாப்பாடாகிவிட்டது.

2010இல் முகாம்களில் அளந்து பார்த்தார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 29 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரமில்லை. அதிக எடை 2.4 சதவீதம்தான். ஆனால் பெண்களில் பாதிக்கு மேல், 54 சதவீதம், அதிக எடை. நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் இரண்டு குறையும் சேர்ந்தே இருந்தன.

இரண்டும் ஒரே மூட்டையிலிருந்து வந்தவை. மாவும் சர்க்கரையும் வயிற்றை நிரப்பிடும். எலும்பு வளர பாலும் முட்டையும் காயும் வேணும். சின்ன வயதில் வளர்ச்சி நின்ற உடம்பு பின்னால் சுலபமாக எடை போடலாம் என்கிறார்கள். அப்படியானால் இன்று குட்டையாக நிற்கும் சிறுமிதான் நாளைய அந்த அம்மா.

"குண்டா இருக்காங்களே, இவங்களுக்கா பசி?" என்று கேட்கத் தோன்றும். கேட்கும்முன் அந்த மூட்டைக்குள் ஒரு தடவை பார்த்துடுங்க.