ஊதா என்று எழுதிவைத்தவர்கள்: லைக்கன் பிளானஸ் நோயறிவின் வரலாறு

செட்டிநாட்டுக் குழம்புக்கு வாசம் தரும் கல்பாசி தாவர நூல்களில் லைக்கன் வகையைச் சேர்ந்தது. பாறையிலும் மரப்பட்டையிலும் அப்பிப் படரும் அந்த உயிரின் கிரேக்கப் பெயரைத்தான் பழைய மேலை மருத்துவர்கள் தோல் தடிப்புகளுக்கும் வைத்தார்கள். படர்தாமரை என்று பெயரிட்ட நமக்கு இது புதிதல்ல. ஆனால் கண்ணால் கண்டு வைத்த பெயரில், கண்டவர் எந்தத் தோலைப் பார்த்தார் என்பதும் ஒட்டிக்கொண்டே வரும். லைக்கன் பிளானஸ் நோயின் வரலாற்றை அந்தக் கோணத்தில் படிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வியன்னாவில் ஃபெர்டினாண்ட் ஹெப்ரா 1860-இல் 'லைக்கன் ரூபர்', அதாவது சிவப்பு லைக்கன், என்றொரு நோயை விவரித்தார். 1869-இல் லண்டனில் எராஸ்மஸ் வில்சன், தட்டையான, பளபளப்பான, அரிப்பெடுக்கும் பருக்களுக்கு 'பிளானஸ்' என்று பெயரிட்டார். தட்டை என்று பொருள். இரண்டும் ஒன்றா வேறா என்று பல ஆண்டுகள் வாதிட்டார்கள்.

1895-இல் பாரிஸ் மருத்துவர் விக்கம், பருக்களின் மேல் மெல்லிய வெண்கோடுகள் வலைபோல் ஓடுவதைக் குறித்தார். பருவின் மேல் ஒரு சொட்டு எண்ணெய் தடவி உருப்பெருக்கி வைத்தால் அந்தக் கோடுகள் எழும்பித் தெரியும். மேல்தோலின் ஓர் அடுக்கு அங்கங்கே தடிப்பதே அதற்குக் காரணம் என்று தோல் மருத்துவர் தாரியே 1909-இல் விளக்கினார். இதே வலை கன்னத்தின் உட்புறம் எண்ணெயும் கண்ணாடியும் இல்லாமலே, வெள்ளைச் சரிகை தைத்ததுபோல், பெரும்பாலும் இரு பக்கமும் தெரியும். புண்ணாகிவிட்டால் ரசம் சோறுகூட எரியும். தோலில் வருவது பலருக்கு ஓரிரு ஆண்டில் தணிந்துவிடும். வாயில் வருவது பல ஆண்டுகள் போகாது.

மருந்தைப் பொறுத்தவரை முதல் எண்பது ஆண்டுகளைப் பெருமையாகச் சொல்ல முடியாது. ஆர்சனிக் கரைசலே பிரதானம். அதை நெடுங்காலம் குடித்தவர்களின் உள்ளங்கை காய்த்துத் தடிப்பதையும், அது தோல் புற்றுநோயில் முடிவதையும் 1880-களின் பிற்பகுதியில் மருத்துவர் ஹட்சின்சன் சுட்டிக்காட்டினார். அரிப்புக்குக் கொடுத்தது நஞ்சு. 1952-இல் தோல் மருத்துவர்கள் சல்ஸ்பெர்கரும் விட்டனும் ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலில் பூசிப் பலன் கண்ட பிறகே நிலைமை மாறியது. இன்றும் வீரியமான ஸ்டீராய்டு களிம்பே முதல் மருந்து. வாய்க்கு அதையே ஜெல்லாகவோ பசையாகவோ தருகிறார்கள். வாயில் பூசும்போது பூஞ்சைத் தொற்று வராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காரணத்தைப் பற்றிய துப்பு ஒன்று போர்க்களத்திலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் மலேரியாவுக்காக மெப்பாக்ரின் விழுங்கிய வீரர்கள் சிலருக்கு இதே சாயலில் தடிப்பு எழுந்தது. மாத்திரையை நிறுத்தியதும் தணியத் தொடங்கியது. வெளியிலிருந்து வரும் பொருள் உடலையே உடலுக்கு எதிராகத் திருப்பக்கூடும் என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது. மேல்தோலின் அடியணுக்களை உடலின் எதிர்ப்புப் படையான டி-அணுக்கள் தாக்குவதே நோயின் இயக்கம் என்பது இன்று ஏற்கப்பட்ட விளக்கம். அவை ஏன் தாக்கத் தொடங்குகின்றன என்பதற்குத்தான் முழு விடை இல்லை.

இனி நிறத்துக்கு வருவோம். பாடநூல்களெல்லாம் இந்தப் பருக்களை 'ஊதா' என்றே எழுதின. வெள்ளைத் தோலில் அப்படித்தான் தெரியும். நம் தோலில் அது கரும்பழுப்பாகவோ சிலேட்டு நிறமாகவோதான் தெரிகிறது. சொறிந்த நகக்கோட்டின் வழியே வரிசையாகப் பருக்கள் எழுவதைக் கண்டு நோயை அடையாளம் காணலாம். நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். பரு அடங்கிய பிறகும் கருமை பல மாதங்கள் நிற்கிறது. மருந்துக்கடைக்கு வருபவரின் முறையீடு பெரும்பாலும் அந்தக் கறையைப் பற்றியதே. களிம்போ அழற்சியைத்தான் அடக்கும், கறையை அழிக்காது. 1974-இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர் எல்.கே. பூட்டானியும் உடன் பணியாற்றியவர்களும், பருவே இல்லாமல் முகத்திலும் கழுத்திலும் கருந்திட்டுகளாகப் படரும் வடிவத்துக்கு 'லைக்கன் பிளானஸ் பிக்மென்டோசஸ்' என்று பெயரிட்டார்கள். வில்சனுக்குப் பிறகு நூறாண்டு கழித்துத்தான் கருந்தோல் தன் பெயரோடு பாடநூலில் ஏறியது.

வாய்க்கும் இப்படி ஒரு திருத்தம் தேவைப்பட்டது. 1910-இல் மருத்துவர் ஹாலபோ, வாய் லைக்கனிலிருந்து புற்றுநோய் எழுந்ததை முதலில் பதிவுசெய்தார். இன்றைய கணக்கில் ஏறக்குறைய நூறில் ஒருவருக்கு அந்த ஆபத்து உண்டு. எனவே ஆண்டுதோறும் வாயைக் காட்டிப் பார்ப்பது கட்டாயம். ஆனால் வெற்றிலையும் புகையிலையும் போடுவோர் வாயில் தெரியும் வெண்கோடுகள் எல்லாம் லைக்கன் பிளானஸ் அல்ல. 1980-இல் இந்திய ஆய்வாளர்கள் இவர்களிடம் வேறொரு மாற்றத்தைத் தனியே பிரித்துக் காட்டினார்கள். அதில் கோடுகள் வலையாகப் பின்னாமல், ஒன்றையொன்று வெட்டாமல், அலையலையாக ஓடும்; தாம்பூலத்தை அடக்கும் இடத்திலேயே வரும்; பழக்கத்தைக் குறைத்தால் மறையவும் கூடும். அதனால்தான் நம்மூர்ப் பல் மருத்துவர், சதைத் துணுக்கெடுத்துச் சோதனைக்கு அனுப்புமுன், வெற்றிலையை எந்தக் கன்னத்தில் அடக்குவீர்கள் என்று கேட்கிறார்.