டாங்கோ: துறைமுகத்தில் பிறந்த ஆடல்

தென்னமெரிக்காவில் லா பிளாட்டா என்னும் அகன்ற கழிமுகத்தின் ஒரு கரையில் அர்ஜெண்டினாவின் போனஸ் அயர்ஸ் நகரமும், மறுகரையில் உருகுவே நாட்டு மாண்டிவிடியோ நகரமும் உள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இத்துறைமுகங்களில் இத்தாலியரும் ஸ்பானியரும் கப்பல் கப்பலாக வந்திறங்கினர். 1914-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, போனஸ் அயர்ஸ் மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் பிறநாட்டில் பிறந்தவர்கள். ஒரு முற்றம், சுற்றிலும் பல அறைகள். அறைக்கு ஒரு குடும்பம், அல்லது குடும்பத்தை ஊரில் விட்டுவந்த ஆடவர் சிலர். இத்தகைய ஒண்டுக்குடித்தனங்களை ஒட்டியே டாங்கோ வளர்ந்தது.

அது யாருடைய கலை என்பதற்கு விடை எளிதன்று. ஆப்பிரிக்க வழியினரின் கந்தோம்பே முழக்கமும், சமவெளி மக்களின் மிலோங்காப் பாட்டும், கியூபாவின் ஹபனேரா தாளமும் அதில் கலந்துள்ளன. கறுப்பின மக்கள் கூடி ஆடிய இடங்களுக்கும் ஆட்டங்களுக்கும் முன்னரே 'டாங்கோ' என்ற பெயர் வழங்கியது. பின்வந்தோர் இதனைப் பெரிதும் மறந்தது வருந்தத்தக்கது.

தொடக்கத்தில் புல்லாங்குழல், வயலின், கிதார் ஆகியவையே இசைக்கப்பட்டன, நடையும் துள்ளலானது. இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் பந்தோனியன் என்னும் துருத்திக் கருவி புல்லாங்குழலின் இடத்தைப் பெற்றது. ஜெர்மனியின் கிரேஃபெல்ட் நகரத்து ஹைன்ரிஹ் பாண்டு என்பவரின் பெயரால் வழங்கும் அது, நம் ஆர்மோனியத்தைப் போலக் காற்றில் அதிரும் உலோக நாக்குகளால் ஒலிப்பது. துருத்தியை விரிக்கையில் ஒரு சுரத்தைத் தரும் பொத்தான், சுருக்கையில் வேறொரு சுரத்தைத் தரும். பயில்வோர் பாடு பெரும்பாடுதான்! அதன் தழுதழுத்த ஒலி புகுந்தபின் டாங்கோவின் நடை தளர்ந்தது, ஏக்கம் குடிகொண்டது. அக்கருவியும் ஊர்விட்டு வந்ததே அன்றோ?

செல்வர்கள் இதனை இழிந்தோர் ஆட்டமென்று ஒதுக்கினர். 1913 வாக்கில் பாரிஸ் நகரமே டாங்கோ மோகத்தில் திளைத்த பின்னர்தான் உள்ளூர் மாளிகைகளின் கதவுகள் அகலத் திறந்தன. 1917-இல் கார்லோஸ் கார்டெல் 'மி நோச்சே திரிஸ்தே' என்னும் பாடலைப் பதிவுசெய்தார். காதலி பிரிந்துபோன ஒருவனின் தனிமையே அதன் பொருள். ஆடுதற்குரிய டாங்கோ அதுமுதல் கேட்டுக் கலங்குதற்கும் உரியதாயிற்று. கார்டெல் பிரான்சின் துலூஸ் நகரில் பிறந்ததாகப் பதிவு உண்டு. உருகுவே மக்களோ தம்மவர் என்பர்.

ஆடரங்கில் டாங்கோவுடன் விரைந்த மிலோங்காவும் மும்மைத் தாள வால்ஸும் இடம்பெறும். இணையர் தழுவியபடி இடஞ்சுழியாகச் சுற்றிவருவர். அடிகளை அவ்வப்போதே அமைத்துக்கொள்வர். ஹுவான் தாரியென்சோவின் குழு தாளத்தை முடுக்கியது; ஒஸ்வால்தோ புக்லியேசே இழுத்து நிறுத்தி இசைத்தார். 1955-இல் அஸ்தோர் பியாசொல்லா தம் எண்மர் குழுவில் மின்கிதாரைச் சேர்த்தபோது, இது டாங்கோவே அன்று எனப் பழமை விரும்பிகள் வெகுண்டனர்.

2009-இல் யுனெஸ்கோவின் மரபுச் செல்வப் பட்டியலில் டாங்கோ இடம்பெற்றது. அதனைத் தமதென்று கூறி விண்ணப்பித்தவை இருகரை நாடுகளும் சேர்ந்தே.